காயம் ஆறிய பிறகும் எழாத கை

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களுக்குக் கால் மரத்துப்போவது புதிதல்ல. பள்ளத்தின் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். எழுந்து நாலு எட்டு வைத்தால் சுருக்சுருக்கென்று குத்தும், பிறகு கால் பழையபடி ஆகிவிடும். ஐந்து நிமிடக் கதை.

நன்றாகக் குடித்துவிட்டு, நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கப்போட்டு விடியும் வரை தூங்கியவருக்கும் கை மரத்துப்போகும். ஆனால் அது ஐந்து நிமிடத்தில் தீராது. காலையில் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை துவண்டு கிடக்கும். அது மீள வாரக்கணக்கில் ஆகலாம்.

மேல்கையில் துப்பாக்கிக் குண்டு துளைத்துச் சென்ற ஒருவருக்கும் அதே மணிக்கட்டு அதே மாதிரி துவளும். எலும்பு முறியவில்லை, ரத்தக்குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, மூன்று வாரத்தில் புண் ஆறிவிட்டது, தழும்புகூடக் காய்ந்துவிட்டது. கை மட்டும் எழவில்லை. இப்படி வருகிறவர்களில் ஒருவருக்கு நான்காம் மாதம் மணிக்கட்டு தானாக நிமிர்கிறது. இன்னொருவருக்கு வருடம் இரண்டானாலும் நிமிர்வதில்லை. வெளியே தெரியும் தழும்பு இருவருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. வித்தியாசம் எங்கே?

நரம்புக்குள் இருப்பது

மணிக்கட்டில் ஓடும் ஒரு நரம்பைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் தெரியும். இவற்றை 'நரம்பிழை' என்று சொல்லிக்கொள்வோம். ஒவ்வொரு நரம்பிழையும் ஒரே ஒரு உயிரணுவின் நீட்சி. தசையை அசைக்கும் இழை என்றால் அந்த அணுவின் உடல் தண்டுவடத்துக்குள்ளேயும், தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் இழை என்றால் தண்டுவடத்தை ஒட்டியும் இருக்கும். அங்கிருந்து விரல்நுனி வரை ஒரே அணு, இடையில் ஒட்டுப்போடாமல் நீள்கிறது. காலுக்குப் போகும் இழை ஒரு மீட்டர்கூட இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தடிமன், கை நீளத்துக்கு மேல் நீளம். உடலில் இப்படி வேறு அணு கிடையாது.

இழையைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்த ஓர் உறை. அதைச் செய்து போர்த்துபவை ஷ்வான் அணுக்கள். அதற்கும் வெளியே நுண்ணிய குழாய். பல குழாய்கள் சேர்ந்து ஒரு கற்றை, பல கற்றைகள் சேர்ந்து ஒரு நரம்பு. இந்த அத்தியாயம் முழுக்க நமக்கு வேண்டியது இரண்டே சொற்கள்: இழை, குழாய்.

1850இல் ஆங்கிலேய மருத்துவர் அகஸ்டஸ் வாலர் தவளை நாக்கின் நரம்புகளை அறுத்துவிட்டு நாள்தோறும் கவனித்தார். வெட்டுக்கு அப்பால் உள்ள இழை முழுவதும், வெட்டிய இடத்தில் மட்டுமல்ல, கடைசி நுனி வரை உதிர்ந்துபோனது. அணுவின் உடலிலிருந்து பிரிந்த பகுதி தனியாக வாழாது. ஆகவே மேல்கையில் பட்ட குண்டு, விரல்நுனி வரைக்கும் இழைகளை அழிக்கிறது.

ஆனால் குழாய் சாவதில்லை. உதிர்ந்த குப்பையை ஷ்வான் அணுக்களும் அங்கே வந்து சேரும் வெள்ளணுக்களும் தின்று சுத்தம் செய்கின்றன. பிறகு ஷ்வான் அணுக்கள் காலிக் குழாய்க்குள் வரிசைகட்டி நின்று, வளரத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. மேலே உயிரோடு இருக்கும் முனையிலிருந்து புதிய தளிர் கிளம்பி, அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த ஏற்பாடு கிடையாது. அவற்றுக்கு வெளியே ஓடும் நரம்புகளுக்கு மட்டுமே இந்தக் கொடுப்பினை.

மூன்று விதமான அடி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆக்ஸ்போர்டில் நரம்புக் காயங்களைப் பார்த்துவந்த ஹெர்பர்ட் செடன், 1943இல் அவற்றை மூன்றாகப் பிரித்தார். இன்றும் மருத்துவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

முதலாவது, முடக்கம். இழை அறவில்லை, அடிபட்ட இடத்தில் உறை மட்டும் கெட்டு, செய்தி கடக்காமல் நிற்கிறது. குடித்துவிட்டுத் தூங்கியவரின் கை பெரும்பாலும் இதுதான். சில நாட்களிலிருந்து அதிகம் போனால் மூன்று மாதத்துக்குள் தானே சரியாகும்.

இரண்டாவது, இழைமுறிவு. உள்ளே இழை அறுந்தது, வெளியே குழாய் அப்படியே இருக்கிறது. தளிருக்குப் பழைய வழி அப்படியே திறந்திருப்பதால் அது தன் பழைய தசையையே போய்ச் சேரும். காலம் பிடிக்கும், ஆனால் பலன் நன்றாக இருக்கும்.

மூன்றாவது, முழு அறுவு. இழையும் போயிற்று, குழாயும் போயிற்று. இடையில் தழும்பு நிரம்பிக்கொள்ளும். தளிர் கிளம்பி வந்து தழும்பில் முட்டி, சுருண்டு, ஒரு முடிச்சாகிவிடும். தொட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் முடிச்சு. கத்தியை எடுக்காமல் இதற்கு வழியில்லை.

ஆஸ்திரேலியாவின் சிட்னி சண்டர்லேண்ட் 1951இல் இதை ஐந்து படிகளாக நீட்டினார். நமக்கு மூன்று போதும். குண்டுக் காயத்தின் சங்கடம் என்னவென்றால், ஒரே நரம்புக்குள் இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் கற்றைகளில் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

தோட்டா தொடாமலே

சினிமாவில் தோட்டா ஊசி மாதிரி நேராகத் துளைத்துப் போகும். நிஜத்தில் அது சதைக்குள் நுழையும்போது சுற்றியுள்ள திசுவைப் பக்கவாட்டில் உதைத்துத் தள்ளுகிறது. நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு, தோட்டாவின் விட்டத்தைவிடப் பல மடங்கு பெரிய வெற்றிடம் உள்ளே விரிந்து சுருங்குகிறது. வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும். கைத்துப்பாக்கித் தோட்டா நொடிக்கு 300, 400 மீட்டர் வேகத்தில் வரும். ராணுவத் துப்பாக்கியின் தோட்டா 700 மீட்டருக்கும் மேல். அந்த வெற்றிடம் விரியும்போது, தோட்டாவின் பாதையிலிருந்து விலகி இருக்கும் நரம்பும் வெடுக்கென்று இழுபடுகிறது.

நரம்பு லேசில் அறாது. அதன் உறைகள் உறுதியானவை, கொஞ்சம் தொய்வும் உண்டு. அதனால் பலருக்கு நரம்பு வெளித்தோற்றத்தில் முழுசாக இருக்க, உள்ளே இழைகள் மட்டும் முறிந்திருக்கும். கத்தி வெட்டுக்கும் குண்டடிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. கத்தியோ கண்ணாடியோ கிழித்துக் கை மரத்தால் நரம்பு அறுந்துவிட்டது என்றே கொண்டு, சில நாட்களுக்குள் தைத்துவிட வேண்டும். குண்டடியில் அப்படிப் பாய முடியாது. வியட்நாம் போரில் காயம்பட்டவர்களை ஆராய்ந்து அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஓமர் 1974இல் வெளியிட்ட கணக்கில், கைகளில் குண்டு பட்டுச் செயலிழந்த நரம்புகளில் ஏறக்குறைய பத்தில் ஏழு அறுவையின்றித் தானாகவே மீண்டன.

பத்தில் ஏழு என்பது ஆறுதல்தான். ஆனால் மீதி மூன்று பேர் யார் என்பது முதல் நாள் யாருக்கும் தெரியாது.

நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

தளிர் எவ்வளவு வேகமாக வளரும்? தோராயமாக நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர், மாதத்துக்கு ஓர் அங்குலம். கிளம்புவதற்கு முன் குப்பை அகற்றவும் வழி தயாராகவும் ஒரு மாதம் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கையைக் கணக்குப் போடுவோம்.

ஒரு நெசவாளிக்கு வலது மேல்கையின் நடுவில் குண்டு பட்டதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஆர நரம்பு எலும்பை ஒட்டிச் சுற்றி இறங்குகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் நரம்பு அது. அது போனால் தறியின் பலகையைப் பிடிக்க முடியும், விட முடியாது. நாடாவைத் தள்ளி விரலை விரிக்க வராது. மணிக்கட்டு நிமிராமல் பிடிப்புக்கும் வலு இருக்காது. சந்தேகம் இருந்தால் உங்கள் மணிக்கட்டை முழுக்கக் கீழே மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள்.

இழை மட்டும் முறிந்திருந்தால், முழங்கையின் வெளிப்பக்கத் தசைக்கு ஏறக்குறைய 10 செ.மீ. தூரம். நூறு நாள், கூட முப்பது. நான்கு மாதத்துக்குச் சற்றே மேல். அதையடுத்து மணிக்கட்டை நிமிர்த்தும் தசை. விரல்களை நிமிர்த்தும் தசைக்கு 20 செ.மீ. என்றால் ஏழரை மாதம். கட்டைவிரலை நிமிர்த்தும் தசை கடைசி, 26 செ.மீ. என்றால் ஒன்பது, பத்து மாதம். மீட்சி இந்த வரிசையில்தான், மேலிருந்து கீழாக, ஒவ்வொரு தசையாக இறங்கிவரும். வரிசை மாறாது.

இதே குண்டு அக்குளில் பட்டு முழங்கை நரம்பை முறித்திருந்தால்? சுண்டுவிரல் பக்கமாக இறங்கி, உள்ளங்கையின் சின்னஞ்சிறு தசைகளை ஆள்வது அது. முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீரென்று சுண்டுவிரல் வரை ஓடுமே, அதே நரம்பு. அக்குளிலிருந்து உள்ளங்கைக்கு ஏறக்குறைய 50 செ.மீ. ஐந்நூறு நாள், கூட முப்பது: பதினேழரை மாதம். நரம்பு வராமல் காத்திருக்கும் தசை சும்மா இருப்பதில்லை. மெலிந்து, கடைசியில் நாராக மாறுகிறது. ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் அந்தத் தசை திரும்பப் பயன்படுவது அரிது. எனவே இந்த ஓட்டத்தில் இழை வெற்றிகரமாக வளர்ந்து வந்து சேர்ந்தாலும், சேரும் இடத்தில் தசை மிச்சமிருக்காது.

கைவிரலில் படும் நரம்புக் காயம் அக்குள் காயத்தைவிட நன்றாகத் தேறுவதற்குக் காரணம் மருத்துவரின் கைராசி அல்ல. தூரம்.

தளிர் எங்கே வந்திருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். நரம்பின் பாதையில் விரலால் தட்டிக்கொண்டே போனால், தளிர்முனை உள்ள இடத்தில் தட்டும்போது மின்சாரம் பட்ட மாதிரி விறுவிறுப்பு கை நுனியில் தெரியும். 1915இல் இதை ஜெர்மனியின் பால் ஹாஃப்மனும் பிரான்சின் ஜூல் தினெலும் தனித்தனியே எழுதினார்கள். முதல் உலகப் போரில் எதிரெதிர்த் தரப்பில் இருந்து, அவரவர் பக்கத்துக் காயம்பட்டவர்களைத் தட்டிப் பார்த்தவர்கள். அந்தப் புள்ளி மாதத்துக்கு ஓர் அங்குலம் இறங்கிக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தழும்பில் முட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பாவு பிணைப்பது போல

மூன்று மாதத்திலிருந்து ஐந்து, ஆறு மாதத்துக்குள் எந்த அசைவும் வரவில்லை, மின்பரிசோதனையிலும் அறிகுறி இல்லை என்றால் திறந்து பார்க்க வேண்டும். தழும்பான பகுதியை நல்ல கற்றை தெரியும் வரை இரு பக்கமும் வெட்டி எடுத்து முனைகளைச் சேர்ப்பார்கள்.

ஐயம்பேட்டை வாசகருக்கு இதை விளக்குவது சுலபம். தறியில் பழைய பாவு முடிந்ததும் புதிய பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு விரலால் முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழை, ஒன்று மாறினாலும் நிறம் மாறி விழும். நரம்பைத் தைப்பவரின் கவலையும் அதேதான். தசைக்குப் போக வேண்டிய இழை தோலுக்குப் போகும் குழாய்க்குள் நுழைந்தால் அது வளர்ந்தும் பயனில்லை. ஆனால் நெசவாளி இழையைப் பார்த்துப் பிணைக்கிறார். அறுவை மருத்துவரால் நுண்ணோக்கியின் கீழே தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் கற்றையோடு கற்றையை மட்டுமே சேர்க்க முடியும். உள்ளே இழைகள் தாமாகத் தேடிக்கொள்ள வேண்டும். பல தவறிப்போகும். அதனால்தான் தைத்த நரம்பு எப்போதும் பழைய நரம்பைவிட ஒரு படி குறைவு.

இடைவெளி பெரிதாக இருந்தால் இழுத்துக் கட்டக்கூடாது. இழுவிசையில் ரத்த ஓட்டம் நின்றுவிடும். கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் ஓர் உணர்வு நரம்பை எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கி இடையில் வைப்பார்கள். வியன்னாவின் ஹன்னோ மில்லேசி இந்த முறையை 1970களில் நிலைநாட்டினார். பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும். கை கிடைப்பதற்கு அது சின்ன விலைதான்.

காலிலிருந்து நரம்பை எடுக்காமல், சிறிய இடைவெளியில் செயற்கைக் குழாய் வைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அதற்கு எடுத்துக்கொண்டிருக்கும் பொருள்களில் ஒன்று பட்டு. சாயம் போடுவதற்கு முன் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் அவித்துப் பசையை நீக்குகிறார்களே, அப்படிப் பசை நீக்கிய பட்டின் உள்புரதத்தை உடல் ஏற்றுக்கொள்கிறது, மெதுவாகக் கரைத்தும்விடுகிறது. விலங்குகளில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. மனிதர்களில் விரல் நரம்பு அளவில் ஆரம்பச் சோதனைதான். பட்டு என்பதாலேயே காஞ்சிபுரத்துக்காரர் மகிழ வேண்டியதில்லை. நீண்ட இடைவெளிக்கு இன்றும் கால் நரம்புக்கு ஈடில்லை.

வெடி வேறு

2023 மார்ச் 22 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த குருவிமலையில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் இறந்தார்கள். இதே மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 இரவு வெடித்த குண்டில் சின்னஞ்சிறு எஃகு உருண்டைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பிழைத்தவர்களில் சிலர் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவற்றை உடலில் சுமந்தார்கள். ஈழத்தில் செல்லடியில் தப்பியவர்களில், வன்னியிலிருந்து கனடா வரை, சிதறுதுண்டோடு வாழ்கிறவர்கள் ஏராளம்.

வெடியில் நரம்பு ஓரிடத்தில் மட்டும் அடிபடுவதில்லை. ஒரே நரம்பில் மூன்று, நான்கு துண்டுகள் தைத்திருக்கலாம். தீக்காயம், எலும்பு நொறுக்கம், ரத்தக்குழாய்க் கிழிசல் கூட வரும். மண்ணும் துணியும் கந்தகமும் உள்ளே புகுந்திருக்கும். கையில் பிடித்த நாட்டுவெடி, காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் இரண்டிலும் இதே கதைதான். முதல் நாளே நரம்பைத் தைப்பது இங்கே பெரும்பாலும் தவறு. எவ்வளவு நீளம் கெட்டிருக்கிறது என்பது சில வாரம் கழித்தே தெரியும். முதலில் உயிர், பிறகு ரத்த ஓட்டம், பிறகு செத்த சதையை அகற்றிச் சுத்தம் செய்வது. அறுந்த முனை கண்ணில் பட்டால் அது சுருங்கி ஓடாமல் அங்கேயே ஒரு தையலால் குறிவைத்துவிட்டு மூடுவார்கள். உடலில் தங்கிவிட்ட துண்டையெல்லாம் எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. தோண்டப்போய் நல்ல நரம்பைக் கெடுத்த கதைகள் உண்டு.

எரிவலி

சிலருக்கு அசைவு போவதைவிடக் கொடியது வேறொன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவில் நரம்புக் காயங்களுக்கென்றே ஒரு மருத்துவமனை நடந்தது. அங்கே இருந்த சைலஸ் வெயர் மிட்செலும் தோழர்கள் இருவரும் 1864இல் வெளியிட்ட நூலில் ஒரு விசித்திரத்தைப் பதிவுசெய்தார்கள். நரம்பு பாதி சிதைந்த வீரர்களுக்குக் கை நெருப்பில் வைத்ததுபோல் ஓயாமல் எரியும். காகிதம் சரசரத்தாலும் துடிப்பார்கள். ஈரத்துணியை விலக்க மாட்டார்கள். சிலர் காலணிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தார்கள்.

இது மனப்பிரமை அல்ல. சிதைந்த இழைகள் தூண்டாமலே செய்தி அனுப்புகின்றன, தண்டுவடம் அதைப் பெருக்குகிறது. சாதாரண வலிமாத்திரை இதற்குச் சரியாகக் கேட்காது. நரம்பு வலிக்கென்றே உள்ள மருந்துகள் வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் அடக்கலாம். 'நடிக்கிறான்' என்று வீட்டார் நினைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய அநியாயம்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

நரம்பு இனி வராது, தசையும் நாராகிவிட்டது. அப்போதும் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியின் முக்கியமான ஓர் அத்தியாயம் ஐயம்பேட்டை வழியாகப் போகும் அதே காஞ்சிபுரம் – செங்கல்பட்டு சாலையின் முடிவில் தொடங்கியது.

கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் போர்க்காலத்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை ராபர்ட் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். விரல்கள் கொக்கியாக மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், என் கையை அழுத்து என்றார் பிராண்ட். செயலற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு வலியில் கையை உதறத் தோன்றியது. அவ்வளவு பலம். உள்ளங்கைச் சிறுதசைகள்தான் செத்திருந்தன. முன்னங்கைத் தசைகள் முழு உயிரோடு இருந்தன.

குண்டடி பட்ட கையிலும் இதேதான் நிலைமை. ஒரு நரம்பு போனால் அது ஆளும் தசைகள் போகும், மற்ற நரம்புகளின் தசைகள் இருக்கும். மிச்சமிருப்பதில் ஒன்றை இடம் மாற்றலாம். லிவர்பூலின் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போரில் ஆர நரம்பு இழந்த வீரர்களுக்கு மணிக்கட்டை மடக்கும் தசைநாணை அவிழ்த்துப் புறங்கைக்குக் கொண்டுபோய் நிமிர்த்தும் நாணோடு தைத்தார். அமெரிக்காவின் ஸ்டெர்லிங் பன்னல் போன்றவர்கள் கொக்கி விரலுக்கான முறைகளை வளர்த்தார்கள். பிராண்ட் 1948 முதல் அவற்றை வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளில் செய்து, மாற்றி, செம்மைப்படுத்தினார். போர்க்களக் காயத்துக்குக் கண்டுபிடித்தது தொழுநோய்க்கு வந்தது. வேலூரில் கற்றது உலகின் கை அறுவை மருத்துவர்களிடம் திரும்பப் போனது.

தசை இடம் மாறியதும் மூளை புதிதாகக் கற்க வேண்டும். மணிக்கட்டை மடக்க நினைத்தால் விரல் நிமிர்கிறது. சில வாரப் பயிற்சியில் அந்தக் குழப்பம் தீரும். இந்த வழிக்குக் காலக்கெடுவும் கிடையாது. இடம்பெயரும் தசைக்கு நரம்பு ஏற்கெனவே இருக்கிறது. பத்து வருடம் கழித்து வந்தாலும் மூட்டுகள் இளக்கமாக இருந்தால் செய்யலாம்.

காத்திருக்கும் மாதங்களில்

அந்த 'இருந்தால்' முக்கியம். நரம்பு இறங்கிவரும் மாதங்களில் துவண்ட கையை ஆதாரப்பட்டை போட்டுத் தாங்க வேண்டும். ஒவ்வொரு விரல் மூட்டையும் மறு கையால் தினமும் முழுக்க மடக்கி நீட்ட வேண்டும். விறைத்துப்போன மூட்டுக்கு நரம்பு வந்து என்ன பயன்? மரத்த விரலைச் சூடான பாத்திரத்திலிருந்தும் பீடியிலிருந்தும் காக்க வேண்டும். சுட்டது தெரியாது, புண்ணான பிறகே தெரியும். உணர்வு திரும்பத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு ஜரிகை எது, பட்டு எது, பருத்தி எது என்று தடவிப் பழக வேண்டும். இழைகள் இடம் மாறிச் சேர்ந்திருப்பதால் மூளைக்குப் பழைய கணக்கு பொருந்தாது.

'நரம்பு ஊசி' என்று வைட்டமின் ஊசியை வாரக்கணக்கில் போட்டுக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். வைட்டமின் குறைவு இல்லாதவருக்குத் தளிர் அதனால் வேகமாக வளரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஊசிக்குச் செலவாகும் பணம் போகட்டும். 'ஊசி போடுறேன், பாத்துக்கலாம்' என்று கழியும் மாதங்கள்தான் திரும்ப வராதவை.

மின்பரிசோதனையை முதல் வாரத்திலேயே செய்து ஏமாற வேண்டாம். அறுந்த இழை சில நாட்கள் வரை மின்னோட்டத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். மூன்று, நான்கு வாரம் கழித்துச் செய்தால்தான் உண்மை தெரியும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது குண்டோ வெடியோ பட்டுக் கை மரத்திருந்தால், காயம்பட்ட தேதியை எழுதி வையுங்கள். தட்டினால் விறுவிறுக்கும் இடத்தை மாதம் ஒருமுறை மையால் குறித்து, படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் முடிந்தும் ஒரு தசைகூட அசையவில்லை, குறியும் இறங்கவில்லை என்றால், கை அறுவையில் தேர்ந்தவரிடம் காட்டுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. காஞ்சிபுரத்திலிருந்து பேருந்தில் காலையில் கிளம்பினால் புறநோயாளிச் சீட்டு எடுக்கும் நேரத்துக்குப் போய்விடலாம்.